பட்டாணியின் சர்க்கரை

டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள் சுகுணா. ஒன்றும் விழவில்லை. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் ஐம்பது இருந்த டப்பா அது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இருபத்தைந்து நாள் வந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நாள் நடுப்பகலிலேயே காலி. கடைசி ஸ்ட்ரிப்பை இப்போதுதான் பட்டாணியின் காது ரத்தத்தில் தொட்டிருந்தாள். மிஷின் நாற்பத்திரண்டு என்றது. பட்டாணி சமையல்கட்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒன்பது வயதுப் பூனை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்த மலைத்தேனை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினாள். சர்க்கரை இப்படி இறங்கினால் தேன் கொடுத்துக் கால் மணி கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எதை வைத்துப் பார்ப்பது, தலையை வைத்தா? மருந்துக்கடைக்குப் போக மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேந்தமங்கலம் சேர வேண்டும்.

நாலு மாதம் முன்பு பட்டாணி குடம் குடமாகத் தண்ணீர் குடித்து எலும்பும் தோலுமானபோது, அதைக் கூடையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்த அன்று சோளக்காட்டுச் சந்தையே வாய்விட்டுச் சிரித்தது. பூனைக்குச் சர்க்கரையாம், இன்சுலினாம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள் புருஷன் மாணிக்கம்தான். “அடுத்து கோழிக்குக் கண்ணாடி மாட்டுவா எம்பொண்டாட்டி” என்று பலாச்சுளையை வாயில் அடக்கிக்கொண்டே சொன்னான். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. ஞாயிறுதோறும் சமையல்கட்டில் உட்கார்ந்து கால்நடை டாக்டர் ராதிகாவுக்குப் போன் போட்டு, மிஷின் ஞாபகத்தில் வைத்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சத்தமாகப் படிப்பாள். அதைக் கேட்டுத்தான் டாக்டர் ஊசி அளவு சொல்வார். மூன்று ஞாயிறாக எண்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. வாரம் அரை யூனிட் கூட்டி, ஒன்றரை மூன்றாகிவிட்டது. தினமும் பார்க்கும்போது இவ்வளவு வந்த மாதிரி இல்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. மிளகு பறிக்கும் மாதம், ஓயாத வேலை, நமக்குத்தான் புத்தி மங்கிவிட்டது, மிஷினா பொய் சொல்லும் என்று விட்டுவிட்டாள். அந்த நினைப்புக்காக இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மிஷினை அழுத்தினாள். நாற்பத்திரண்டு. அதற்கு முந்தியது முந்நூற்று எண்பத்தெட்டு. அதற்கும் முந்தியது நூற்று அறுபத்திநாலு. அது காலையில் அவள் கண்ணால் பார்த்த எண். ஊசி போட்டுவிட்டு அவள் களத்துக்கு மிளகு காயப் போடப் போனாள், வந்து பார்த்தால் பூனை கிடக்கிறது. நடுவில் இந்த எண் எங்கிருந்து வந்தது? பூனை தானே காதில் குத்திக்கொண்டதா?

“பட்டாணிக்கு என்னாச்சு புள்ள?”

வாசற்படியில் மாணிக்கம் நின்றிருந்தான். இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தான்.

“ஏனுங்க, அந்தக் கைய வெளிய எடுங்க.”

மிளகுக்கறை படிந்த விரல்களின் நுனியில் பொட்டுப் பொட்டாக ஊசிக்குத்து. மோதிர விரலில் இன்றையது, இன்னும் சிவப்பாக.

“ஒடம்பு ஒரே அசதியா இருந்துச்சு. சும்மா பாத்தேன்.”

“பன்னெண்டு ஸ்ட்ரிப்பு கொறையுது. பன்னெண்டு தடவ சும்மா பாத்தீங்களா?”

“சக்கரைன்னு ஆஸ்பத்திரிக்குப் போயித்தான எங்கண்ணனுக்குக் கால எடுத்தாங்க.” அவன் குரல் இறங்கியது. “அந்த மிஷினு எல்லாத்தயும் சேத்து வெச்சுக்கும்னு எனக்கென்ன தெரியும்?”

“தெரியாதா? நானூத்தி ஒண்ணுன்னு டாக்டரம்மாகிட்ட நாஞ் சத்தமாப் படிச்சப்ப, இங்கதான உக்காந்து களி தின்னீங்க? அது உங்க நம்பருன்னு தெரியாதா? பூனைக்குக் கூட்டிப் போடுன்னு அவங்க சொன்னதும் காதுல விழுந்துச்சல்ல? உங்க சக்கரைக்கு இந்த வாயில்லா ஜீவனுக்கு ஊசி போட்டிருக்கறனுங்க!”

அவனுக்குப் பயம் என்றால் அவளுக்குப் புரியும். கால் போய்விடும் என்று யாருக்குத்தான் பயமிருக்காது? ஆனால் மூன்று ஞாயிறு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இந்த முந்நூற்றையும் நானூற்றையும் உடம்பில் வைத்துக்கொண்டுதான் தினமும் மூங்கில் ஏணியில் ஏறி உச்சிக்கொடி மிளகைப் பறித்தானா? நாற்பத்திரண்டைவிட முந்நூற்று எண்பத்தெட்டு அவளை அதிகம் பயமுறுத்தியது. அந்தப் பயம் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

“தேன் தடவிட்டே இருங்க. முழிச்சதும் சாப்பாடு வைங்க. நான் சொல்ற வரைக்கும் ஊசி வேண்டாம்” என்றார் ராதிகா. “எந்த நம்பர் பூனையோடது, எது உங்க வீட்டுக்காரரோடதுன்னு பிரிச்சுச் சொல்லுங்கம்மா. அது தெரியாம இனி என்னால அளவு சொல்ல முடியாது.”

சுகுணா மிஷினை அவன் பக்கம் தள்ளினாள்.

“எனக்குத் தெரியாதுங்க. இவருக்குத்தான் தெரியும். படிங்க.”

மாணிக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மிஷினைக் கைக்கெட்டிய தூரம் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான், மறுபடி தள்ளினான். கண் இவ்வளவு மங்கிவிட்டதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நாப்பத்திரெண்டு. பட்டாணியோடது.” அழுத்தினான். “முந்நூத்தி எண்பத்தெட்டு.”

படிப்பதை நிறுத்தினான். போனில் டாக்டர் காத்திருந்தார்.

“யாரோடதுங்க?” என்றாள் சுகுணா.

“என்னுது.”

“டாக்டரம்மாவுக்குக் கேக்கல.”

“என்னுதுங்க” என்றான், போனைப் பார்த்து.

தேன் தொட்ட அவள் விரலில் சொரசொரப்பாக ஏதோ பட்டது. பட்டாணி நாக்கை நீட்டித் தேனை ஒரு முறை நக்கியது, பிறகு இன்னொரு முறை. சுகுணா குனிந்து பார்க்கவில்லை. மாணிக்கத்தின் கட்டைவிரல் மிஷினின் பொத்தான் மேலேயே நின்றிருந்தது.

“அடுத்தது” என்றாள்.