கூரையில் ஒட்டிய தசமபாகம்

1995 ஏப்ரலில் இன்பராஜ் தன் சம்பளத்தை மேசைமேல் வைத்ததும், நாற்பது நூறு ரூபாய் நோட்டுகளில் நான்கு மட்டும் மெல்ல எழும்பிக் கூரையில் ஒட்டிக்கொண்டன. சாந்தோம் கடற்கரையை ஒட்டிய சந்தில், தரைத்தளத்து வாடகை வீடு அது. இன்பராஜ் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்கர். கல்யாணமான நாளிலிருந்து சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் வாடகை, பால், மளிகை என்று தனித்தனிக் கவர்களில் பணத்தைப் பிரித்துப் போடுவார். அந்த ஏப்ரலில்தான் முதன்முறையாகத் தசமபாகத்தை நிறுத்துவதென்று முடிவு செய்திருந்தார். மகள் ஹெப்சிக்கு அடையாறில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஜூனில் பணம் கட்ட வேண்டும்.

"குடுக்கறத குடுத்துருங்க. மீதிய பாத்துக்கலாம்" என்றாள் மனைவி புஷ்பம்.

"எந்தக் கவர்லேந்து பாக்கறது, சொல்லு" என்றார். அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

முக்காலி போட்டு ஏறி நோட்டுகளைப் பிய்த்தெடுத்து பீரோவில் பூட்டினார். மே மாதத்து நோட்டுகளும் சேர்ந்தபோது பீரோவின் கால்கள் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி நின்றன. வருடக்கணக்காக எட்டாமலிருந்த மூலையைப் புஷ்பம் நிதானமாகப் பெருக்கினாள். சபை ஆயர் வந்து குனிந்து பார்த்தார், சபைக் கணக்கில் இதற்கு இடமில்லை என்றார், ஜெபம் செய்தார், காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பணம் கட்டக் கடைசி நாளன்று மூன்று மாதத் தசமபாகத்தையும் சேமிப்போடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்பராஜ் புறப்பட்டார். சந்து முனையிலேயே கால்கள் தரையைவிட்டன. தெருக்குழாயில் நின்றவர்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள். பஸ் கண்டக்டர், "தரையில நின்னாத்தான் சார் டிக்கெட்டு" என்று விசில் ஊதிவிட்டுப் போனார். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அவரைத் திரும்பவும் சந்துக்குள் தள்ளி, அவர் குடியிருந்த அதே கட்டடத்தின் முதல் மாடி வராந்தாவுக்கு எதிரே நிறுத்தியது.

அங்கே ஹாஜிரா பீ இருந்தாள். ரவிக்கை தைப்பவள், கணவனுக்குக் கால் முறிந்து மூன்று மாதமாகப் படுக்கை. ஏழு வருடம் கீழேயே குடியிருந்தும் இன்பராஜ் அந்த மாடியைப் பார்த்ததில்லை. அவளுடைய தையல் மிஷின் கயிற்றால் கட்டப்பட்டு வாசலில் கிடந்தது.

"இன்னா சார், இங்க நின்னுக்கினு கீறீங்க?"

"எறங்க முடியலம்மா. மிஷினை ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

"வட்டிக்காரன் ஆளு வரான். தூக்கினு பூட்டா அப்புறம் சோத்துக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

ஹெப்சியின் முகம் அவர் கண்முன் வந்தது. சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்; இன்னும் ஒரு முழம் மேலே போனார். கீழே சந்து மிகச் சிறியதாகத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து, அந்தப் பன்னிரண்டு நோட்டுகளை மட்டும் எண்ணி எடுத்து நீட்டினார்.

"எப்ப திருப்பணும் சார்?"

"திருப்ப வேணாம்மா. இது என்னுது இல்ல."

அவள் கையில் அவை சாதாரண நோட்டுகளாகக் கிடந்தன. இன்பராஜ் படியில் இறங்குபவரைப் போலத் தரைக்கு வந்தார்.

பணம் குறைந்ததால் ஹெப்சிக்கு அந்த வருடம் போயிற்று. மழைக்காலம் வரை அவள் அப்பாவிடம் பேசவில்லை. அவர் காபியையும் பத்திரிகையையும் விட்டு, அவள் பெயரில் புதிதாக ஒரு கவர் போட்டார். அடுத்த ஜூனில் அவள் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடையைத் தைத்த ஹாஜிரா பீ கூலி வேண்டாமென்றாள். தையலுக்கென்று பட்ஜெட்டில் ஒதுக்கியாயிற்று என்று சொல்லி இன்பராஜ் கொடுத்துவிட்டார். நோட்டுகள் மாதாமாதம் எழும்பிக்கொண்டுதான் இருந்தன. எடுத்து, பாதியைச் சபைக்கும் மீதியைச் சந்தில் முடியாதவர்களுக்கும் கொடுத்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1999 டிசம்பரில் ஹெப்சி தன் முதல் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தாள். கவரைப் பிரிக்குமுன் கூரையைப் பார்த்தாள்; எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.