பச்சையான படலம்

நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் அன்று திறப்பு விழா. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று, விடிந்ததும் கக்கூஸ் முதல் கழிவுநீர் ஓடும் கான் வரை அசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்லியிருந்தார் தோட்டத்துரை.

திறக்கப்படவிருந்தது ஆராய்ச்சியாளர் கலாநிதி பரமலிங்கத்தின் கண்டுபிடிப்பு. போர்பிரின் என்ற சாயத்தைப் பிளாஸ்டிக்கில் கலந்து கண்ணாடித் துண்டில் வார்த்த மெல்லிய படலம். அமில ஆவி பட்டால் அதன் ஊதா நிறம் பச்சையாகும். நிறமாலைமானி ஒளி பாய்ச்சி அதை அளந்து சொல்லும்.

கொழுந்து வாட்டும் மேடையருகே மாட்டிய படலம் பச்சையாகிக் கிடந்தது. கலாநிதி அதைக் கருவியில் வைத்தார். 418 நானோமீட்டரில் நிற்க வேண்டிய ஒளியுறிஞ்சல் உச்சி 445க்கு நகர்ந்திருந்தது.

"அமிலம்!" என்றார், பிள்ளை பிறந்த சேதி சொல்பவர் போல. "ஆரோ கொழுந்தில அமிலம் ஊத்தியிருக்கினம்!"

பேச்சு விளங்காவிட்டாலும் பெரியவர்கள் கைதட்டினார்கள். மேடையில் வேலைக்கு நின்றவன் அழகன் ஒருவன்தான். துரையின் தடி அவன் முழங்காலில் இறங்கியது. விழுந்தவனைக் காவற்காரர் இருவர் தூக்கிப் பிடித்தார்கள், அடிக்க வசதியாக. அடுத்த அடியில் பல் தெறித்தது.

கருவியை இயக்கும் வினோதா, அழகனின் தங்கை. புதுப் படலம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மேடையை ஒட்டி ஓடிய கானுக்கு மேலே பிடித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது.

"சேர், கொழுந்துல ஒண்ணுமில்லீங்க! கான் கழுவ ஊத்துன அசிட்டு ஆவிதாங்க இது. ஊத்தச் சொன்னதே தொரைதாங்க! அண்ணன அடிக்காம நிப்பாட்டச் சொல்லுங்க!"

கலாநிதி படலத்தைப் பார்த்தார். பெரியவர்களைப் பார்த்தார்.

"அமிலம் இருக்கெண்டு கருவி சொன்னது சரிதானே, பிள்ளை. எங்கையிருந்து வந்தது எண்டது ஆய்வின்ர எல்லைக்கு வெளிய."

அழகனின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வினோதா மேசையருகே இருந்த இரும்புத் தாங்கியை எடுத்து நிறமாலைமானியின் தலையில் போட்டாள். மூடி பிளந்தது. மறுபடி ஓங்கினாள்.

"ஐயோ, அடிக்காதையுங்கோ!" கலாநிதியின் குரல் கூரைத் தகரத்தை உலுக்கியது. "அது ஜெர்மன் சாமான்!"

"இன்னும் பாதி முழுசா இருக்கு சேர். சொல்றீங்களா, அதையும் ஒடைக்கவா?"

"கொழுந்து சுத்தம்! அமிலம் கானில! அந்தப் பெடியன் ஒண்டும் செய்யேல்லை!"

துரையின் தடி அந்தரத்தில் நின்றது.

"சிங்களத்துலயும் சொல்லுங்க. வந்தவங்களுக்குப் புரியணும்."

சொன்னார், இலக்கணப் பிழையில்லாமல். அழகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். கலாநிதி மட்டும் குனிந்து, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.