கழுதை திரும்பி வந்ததா?

நூலகத்தின் பின்பக்கத்தில் குழந்தைகள் அறை இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே பாயை விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். தாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். கடைசியில் "தேறுச்சு" அல்லது "தேறல" என்று தீர்ப்பு. பெரியவர்களே எந்நேரமும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும் உலகத்தில், பெரியவர்கள் எழுதியதற்குப் பிள்ளைகள் மதிப்பெண் போட்ட இடம் அது.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னவர் வாய்க்குப் பூட்டு. அடுத்த சனிக்கிழமை அவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். நூலக அக்கா போட்ட சட்டமல்ல அது. ஒரு துப்பறியும் கதையைப் பற்றிப் பேச வந்த பையன் எடுத்த எடுப்பிலேயே, "திருடன் யாருன்னா அந்தப் பல் டாக்டர்தான்" என்று போட்டு உடைத்துவிட்டான். அன்று எழுந்த கூச்சலில் பிள்ளைகளே சேர்ந்து போட்ட சட்டம். பெரிய மனிதனைப் போலப் பேசுவதால் அந்தப் பையனுக்குச் 'சித்தப்பா' என்று பெயர்.

வட்டத்தின் உயிரே இரண்டு பெண்கள்தான். ஒருத்தி குண்டூசி. ஆளும் அப்படி, வாயும் அப்படி. எந்தப் புத்தகமும் அவளிடம் லேசில் தேறாது. எல்லாரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் கதை என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. இன்னொருத்தி தும்பி. அட்டையைப் பார்த்தே அழுதுவிடுவாள்.

"உனக்கு எதுதான்டி பிடிக்காது? மளிகை லிஸ்டைக் கொடுத்தாக்கூட நல்லா இருக்குன்னு அழுவ."

"உனக்கு எதுடி பிடிக்கும்? உன்னைப் படைச்ச கடவுள்கிட்டயே தேறலன்னு சொல்லியிருப்ப."

இப்படிச் சண்டை போட்டுவிட்டு ஒரே குடைக்குள் வீட்டுக்குப் போவார்கள்.

தும்பிக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்காக வட்டம் அவளை விட்டுவிடவில்லை. நூலக அக்கா தன் போனை ஒரு காலி பிஸ்கட் டப்பாவுக்குள் நிறுத்திப் பாயின் நடுவில் வைப்பார். டப்பாவுக்குள் வைத்தால் சத்தம் கூடும். தும்பியின் இடம் காலியாக இருக்கும். தும்பி டப்பாவுக்குள்ளிருந்து பேசுவாள்.

அந்த மாதம் வட்டம் படித்தது ஒரு கழுதையின் கதை. மலையில் ஊர் ஊராகத் தபால் பை சுமக்கும் கழுதை பனிப்புயலில் தொலைந்துபோகிறது. அதை வளர்த்த சிறுமி வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். தும்பிக்குக் கண் மங்கிப் படிக்க முடியாமல் போனதால் அவள் அப்பா படித்துக் காட்டினார். அவர் பஸ் டிரைவர். வண்டியை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, காக்கிச் சட்டையோடு கட்டிலருகே உட்கார்ந்து படிப்பார். இரண்டு பக்கத்தில் அவருக்கே தூக்கம் வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை குண்டூசி புத்தகத்தைப் பிடிபிடியென்று பிடித்தாள். "கழுதை வர்ற இடமெல்லாம் சூப்பர். ஆனா முடிவு எனக்குச் சுத்தமா பிடிக்கல. தேறல."

டப்பாவுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "குண்டூசி... கழுதை திரும்பி வந்துடுமா? அதை மட்டும் சொல்லேன்."

சித்தப்பா, "பூட்டு" என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டான். நூலக அக்கா குண்டூசியையே பார்த்தார். 'சொல்லு' என்று தலையை அசைத்தார்.

குண்டூசி தயங்கினாள். சட்டத்துக்காக அல்ல. முடிவைச் சொல்லிவிட்டால், தும்பி இதைப் படித்து முடிக்கமாட்டாள் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்தாள். சொல்லாமல் வைத்திருந்தால் அதற்காகவாவது தும்பி எழுந்து வந்துவிடுவாள் என்று அந்தப் பிள்ளை மனம் நம்பியது.

"ஆசை தோசை! நீயே படிச்சு முடி. அடுத்த வாரம் வந்து என்கூட சண்டை போடு."

"ராட்சசி," என்றது டப்பா. சிரித்த மாதிரி இருந்தது. பிறகு இருமல். பிறகு போன் அணைந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் தும்பி இறந்துவிட்டாள்.

அதன்பிறகும் குண்டூசி வட்டத்துக்கு வந்தாள். ஆனால் பேசவில்லை. அவளுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, தானே போட்டுக்கொண்டாள். அவள் முறை வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பிள்ளைகள் வற்புறுத்தவில்லை. அவளுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று மட்டும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, தும்பியின் அப்பா வந்தார். காக்கிச் சட்டை, கையில் கழுதைப் புத்தகம். அறையில் இருந்தவை குழந்தைகள் நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் முழங்கால்கள் மார்பில் முட்ட உட்கார்ந்தார். நூலக அக்கா தண்ணீர் கொடுத்தார்.

"திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன்மா. மன்னிச்சுக்கங்க," என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "கழுதை தொலைஞ்ச இடத்தோட நின்னுபோச்சு. அதுக்கு மேல என்னால படிக்க முடியல. கடைசிப் பக்கத்தைப் பார்க்கலாம்தான். பார்த்தா 'உங்களுக்கும் பூட்டுதான்ப்பா'ன்னு அவ சொல்லி வச்சிருந்தா... அந்தக் கழுதை வந்துச்சா?"

குண்டூசி எழுந்தாள். பல வாரங்கள் பேசாத குரல் கரகரத்தது.

"வந்துடும் அங்கிள். நொண்டிக்கிட்டே வரும். பை முதுகுல அப்படியே இருக்கும். ஒரு கடுதாசிகூட நனைஞ்சிருக்காது. அந்தப் பொண்ணு கதவைச் சாத்தவே இல்லல்ல, நேரா உள்ள வந்துடும்." அவள் உதடு கோணியது. "நல்ல முடிவுதான் அங்கிள். தும்பி கேட்டா. நான்தான் சொல்லல."

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. சித்தப்பா எழுந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் கைக்கு அருகில் நகர்த்தி வைத்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். "அன்னைக்கு போனை வச்சதும் சிரிச்சாம்மா. 'அப்பா, கழுதை வந்துடும். குண்டூசிக்குப் பிடிக்கலன்னா அது கண்டிப்பா நல்ல முடிவுதான்'ன்னு சொன்னா."

குண்டூசி அவரையே பார்த்தாள். "நிஜமாவா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். "நிஜமாத்தான். ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டா. வந்துடும்ல அப்பான்னு. வந்துடும்மான்னேன். எனக்கே தெரியாமத்தான் சொன்னேன்."

குண்டூசி விம்மினாள். அவர் எழுந்து வந்து பாயில், தும்பியின் காலி இடத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"கடைசி அத்தியாயத்தைப் படிம்மா. நானும் கேக்கணும்."

அவள் படித்தாள். நடுவில் குரல் உடைந்தபோது பக்கத்துப் பெண் வாங்கிப் படித்தாள், பிறகு சித்தப்பா, பிறகு மறுபடி அவள். முடிவைச் சொல்லக் கூடாது என்ற வட்டத்தில் முடிவு மட்டும் வாய்விட்டுப் படிக்கப்பட்டது. ஒருவரும் பூட்டு என்று சொல்லவில்லை.

இறந்த பிள்ளைக்கு அது கேட்டதா என்று மனிதரால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கழுதைக்காகக் கவலைப்பட்ட குழந்தையைத் தன்னிடம் எடுத்துக்கொண்ட இறைவன், அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கமாட்டான். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை இங்கே நம்முடையது. பல நேரம் அன்பினாலேயே தவறவிட்டுவிடுகிறோம்.

புத்தகத்தை மூடியதும் வழக்கப்படி தீர்ப்பு. எல்லாரும் குண்டூசியைப் பார்த்தார்கள். அவள் காலி பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, அதற்குள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"தேறுச்சுடி."