பின்சக்கரத்தில் மூன்று மில்லிமீற்றர்

1.

இந்தக் கதையை நான் இருந்து யோசித்து உண்டாக்கவில்லை. 1996 ஆவணியில், எங்கள் ஆட்கள் நிறைய வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கையில் றோல்ஸ் தட்டோடு நின்றபோது காதில் விழுந்தது. சொன்னவர் அருமைநாதன். தன்னுடைய 1970ஆம் ஆண்டு செவெல் காரின் பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் பூட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதல் செய்த பிராக்கெற் பிழைச்சுப்போச்சு. பேந்து எல்லாம் சரியாய் வந்திட்டுது."

கேக் துண்டு போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி இமெல்டா அந்த இடத்தில் சிரித்தார்.

"சரியாய் வந்திட்டுது." இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. இரும்பு தானாகச் சரியாய் வருமா? அடுத்த நாள் இமெல்டாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

2.

முதல் எழுதிய தொடக்கம்: "அக்காடி வீதியில் அன்று மழை ஒரு பெரிய"

[நிறுத்திவிட்டேன். மழையில் தொடங்கும் கதைகள் என்னிடம் ஏற்கனவே நாலு இருக்கின்றன.]

ஆனால் மழை பெய்தது உண்மை. என்னால் மாற்ற முடியாது. அருமைநாதன் ஓட்ட, இமெல்டா பக்கத்தில் இருந்தார். சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக்கை மிதித்ததும், ஈரமான பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் இறுகிப் பிடித்தது. கார் அப்படியே பக்கவாட்டில் சுழன்றது. பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணுக்கு முன்னால், ஒரு சாண் இடைவெளியில் நின்றது.  அந்தப் பெண் வண்டிக்குள் குனிந்து குழந்தையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தார்கள். இறங்கும்போது இமெல்டா சொன்னார்: "இது ஒழுங்காய் நிக்கிற வரைக்கும் நான் இதில ஏறமாட்டன். நீங்களும் ஏறக்கூடாது."

அருமைநாதனுக்கு நாற்பத்தியொரு வயது. பெட்டித் தொழிற்சாலை வேலை. தேவைக்கென்று இல்லாமல், ஆசைக்கென்று அவர் வாங்கிய முதல் பொருள் அந்தக் கார்தான். விற்க மனம் வரவில்லை.

3.

கொஞ்சம் விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டிரம் பிறேக் மூடிய சட்டிக்குள் இருந்து விரிந்து அமத்தும். தண்ணீர் உள்ளே போனால் குணம் மாறும். டிஸ்க் பிறேக் வெளியே சுழலும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் கவ்வும்; தண்ணீர் அதில் தங்காது. காரை அவருக்கு விற்ற பற்றிக், அஹுன்ட்சிக்கில் தன் கராஜைத் திறந்துவிட்டார். பழைய கார் உடைக்கும் இடத்தில் வேறொரு காரின் தட்டுகளும் கவ்விகளும் கிடைத்தன. ஆனால் அந்தக் கவ்வி இந்த அச்சில் நேரே பூட்டாது. இரண்டுக்கும் இடையில் ஓர் இரும்புத் துண்டு வேண்டும். அதுதான் பிராக்கெற்.

இரண்டு ஆண்களும் மட்டையில் வெட்டிப் பார்த்து, அளந்து, இரும்பில் செய்து பூட்டினார்கள். சக்கரத்தைச் சுற்றினால் கிரீச் என்றது. பிராக்கெற்றின் விளிம்பு தட்டில் உரசியது. கழற்றினார்கள். அரத்தால் ராவினார்கள். திரும்பப் பூட்டினார்கள். கிரீச்.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் இமெல்டா சாப்பாடு கொண்டுவந்தார். இமெல்டாவுக்கு சென்லோரனில் ஒரு பட்டறையில் வேலை. ஏழு வருடமாக லேத்தில் இரும்பு கடைகிறார்.

[இதை முதலாம் பகுதியிலேயே சொல்லியிருக்கவேண்டும். அருமைநாதன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.]

அவர் குனிந்து, உரசும் இடத்தை விரலால் தடவினார். "எவ்வளவு உரசுது?"

"மூண்டு மில்லிமீற்றர் வரும்," என்றார் காருக்கு அடியில் கிடந்த அருமைநாதன்.

இமெல்டா சுவரோரம் கிடந்த பழைய டிரம்மின் பின்தகட்டை எடுத்து, அதன் தடிப்பை அளந்தார். "இஞ்சேருங்கோ, நீங்கள் அளக்கேக்க இந்தத் தகடு அச்சில இருந்ததோ?"

"ஓம்."

"பேந்து கழட்டிப்போட்டியள்?"

"ஓம்..."

"இது போனதும் பிராக்கெற் அவ்வளவுக்கு உள்ளுக்குத் தள்ளிப்போச்சு. இதுதான் உங்கட மூண்டு மில்லிமீற்றர்."

4.

முதல் பிரதியில் இந்த இடத்தில் அருமைநாதனுக்குக் கோபம் வந்தது. நட்டுக் கழற்றும் சாவியை எறிந்தார். "ஆம்பிளையள் வேலைக்குள்ள உமக்கென்ன" என்று கத்தினார். கதைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. அரைப் பக்கத்தைக் கிழித்தேன்.

நடந்தது இதுதான். காருக்கு அடியில் கிடந்தவர் அந்த விளிம்பைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு குரல் வந்தது.

"இமெல்டா, நீர் இதை முந்தியே வந்து பாத்திருக்கலாமே."

"முந்தி நீங்கள் கூப்பிடேல்லையே."

அடியில் சிரிப்புச் சத்தம். தமிழ் தெரியாத பற்றிக்குக்குக் காரணம் விளங்கவில்லை; அவரும் சிரித்தார்.

அந்தக் கிழமை இமெல்டா மேற்பார்வையாளரிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு புதிய பிராக்கெற்றுகளைச் செய்தார். பூட்டினார்கள். சுற்றினால் சத்தமே இல்லை.

5.

இன்னொன்று மிச்சம் இருந்தது. பின் பிறேக் முன் பிறேக்கை முந்திப் பிடித்தால் கார் மறுபடியும் சுழலும். பின்னுக்குப் போகும் அமுக்கத்தைக் குறைக்க ஒரு திருகு உண்டு. ஒருவர் ஓட்ட, மற்றவர் வெளியே நின்று சக்கரங்களைப் பார்த்து, கார் நின்றதும் திருகவேண்டும்.

"நான் ஓட்டுறன்," என்றார் இமெல்டா.

"ஏறமாட்டன் எண்டனீர்?"

"என்ர இரும்பை நான்தான் சோதிக்கவேணும்."

ஆளில்லாத ஒரு பெரிய கார்த் தரிப்பிடம். பற்றிக் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றினார். முதல் தடவை பின்பக்கம் இலேசாக விலகியது. அருமைநாதன் திருகினார். இரண்டாம் தடவை, இன்னும் கொஞ்சம் திருகினார். மூன்றாம் தடவை நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தன. கார் கோடு கீறியதுபோல நேரே வந்து, அருமைநாதனின் முன்னால் நின்றது. அவர் ஒதுங்கவில்லை. [பயத்திலா, நம்பிக்கையிலா? இருவரிடமும் கேட்டேன். இரண்டு பதில்.]

இமெல்டா எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தார். "ஏறுங்கோ."

கார் தரிப்பிடத்தை விட்டு வெளியே போய்விட்டது. பற்றிக் வாளியோடு நின்றார்.

6.

எங்கே போனார்கள்? "சும்மா ஒரு சுத்து," என்கிறார் அருமைநாதன். "அது உமக்கு எதுக்கு?" என்கிறார் இமெல்டா. ஆற்றங்கரைக்கு அனுப்பி எழுதினேன். பாலம் தாண்டி லவாலுக்கு அனுப்பினேன். அக்காடி வீதியின் அதே விளக்குக்கு

வேண்டாம். அந்த வழி உங்களுடையது. விரும்பியபடி ஓட்டிப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தது பற்றிக் சொன்னது மட்டும். ஒன்றரை மணித்தியாலம் கழித்துக் கார் திரும்பி வந்தது. ஓட்டியவர் இமெல்டா. பக்கத்து இருக்கையில் அருமைநாதன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாய் திறந்தபடி நல்ல நித்திரை. பற்றிக் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, இமெல்டா உதட்டில் விரல் வைத்தார்.

எழுப்புவதா, இன்னொரு சுற்றுப் போவதா? நீங்களே சொல்லுங்கள். நான் மெதுவாகக் கதைக்கிறேன்.