நிஸ்தாரின் வயலில் விரால்

வியாழன் காலை ஆறரைக்குக் குளத்துத் துருசைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதான் திறப்பதாக இருந்தது. அன்று ஜும்ஆவுக்குப் போனால் வாய்க்காலைப் பார்க்க ஆளிராது என்று வட்டை விவசாயிகள் ஒரு நாள் முந்திக்கொண்டார்கள். பள்ளிவாசலில் அறிவித்தும் விட்டார்கள். குளத்து மீனவர் சங்கத்தில் பள்ளிக்குப் போகிறவர் எவருமில்லை.

சங்கத் தலைவி றஞ்சிதா முதல் நாள் பின்னேரம்தான் விரால் குஞ்சுகளைக் குளத்தில் விட்டிருந்தாள். குளத்தில் விரால் அருகிப்போயிருந்தது. வற்றிய குட்டைகளில் தேடிப் பிடித்து, வலைக்கூட்டில் விரல் நீளத்துக்கு வளர்த்த குஞ்சுகள். துருசு வாயில் வலை கட்டும் வேலையை வியாழன் பின்னேரத்துக்கு வைத்திருந்தாள்.

சேதி கேட்டதும் வாய்க்காலோடு ஓடினாள். முதல் வயலில் நிஸ்தார் பூச்சிமருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்.

“நானா, அடிச்சிராதீங்க! எங்கட விரால் குஞ்செல்லாம் உங்கட வயலுக்குள்ள!”

“அதானே பாத்தன், வெள்ளாமைக்குள்ள என்ன சளசளப்பு எண்டு.”

“மருந்து பட்டா செத்துரும்.”

“அடிக்காட்டி வெள்ளாமை செத்துரும் தங்கச்சி. அறக்கொட்டி புடிச்சிருக்கு.”

குனிந்து காட்டினார். நீர்மட்டத்தில், தண்டுகளில் பூச்சி மொய்த்திருந்தது. அவற்றுக்கிடையே ஒரு குஞ்சு நழுவிப் போனது.

அவருடைய மனைவி றுமானா தேநீரோடு வரம்பில் வந்தாள்.

“வயலக் காயவிட்டாலும் அறக்கொட்டி குறையும் எண்டு கூட்டத்தில சொன்னாங்கதானே?”

“எந்தக் கூட்டத்தில?”

“நீங்க நித்திர கொண்ட கூட்டத்தில.”

“இப்ப வந்த தண்ணிய வெளியில விடவா? அடுத்த தண்ணி முறைக்கு ஒரு கிழமை கிடக்கு.”

“ஒரு கிழமைதான் காயவிடச் சொன்னாங்க.”

நிஸ்தார் இருவரையும் பார்த்தார். தாங்கியை இறக்கி வைத்தார். மண்வெட்டியால் வரம்பை வெட்டி வக்கடையைத் திறந்தார்.

றஞ்சிதா வலைத்துண்டொன்றை வக்கடைக்குக் குறுக்கே பிடித்தாள். சங்கத்து ஆட்கள் வாளிகளோடு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் குஞ்சுகள் வந்தன. ஒன்று வலைக்கு மேலால் துள்ளி நிஸ்தாரின் சாரனுக்குள் போனது.

“எடுத்துத் தாங்க நானா, அதுவும் எங்கட சங்கந்தான்.”

“எல்லாரும் அங்கால திரும்புங்க!”

றுமானா சிரித்துச் சிரித்து வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் வாளிகள் குளத்துக்குப் போய்விட்டன. துருசு வாயில் வலையும் கட்டியாயிற்று. றஞ்சிதா திரும்பி வந்து சேற்றைப் பார்த்தாள்.

“கொஞ்சக் குஞ்சு இதுக்குள்ள நிக்கிது நானா. விரால் ஈரத்தில கிடந்து பிழைச்சிரும். மருந்து மட்டும் படப்படா.”

நிஸ்தார் தாங்கியின் மூடியை இறுக்கினார்.

“சரி, இந்தக் கிழமை அடிக்கல்ல. அறக்கொட்டி குறைஞ்சா பிறகும் அடிக்கல்ல. அப்ப, இதுகள் பெரிசானா எனக்கு எத்தின விரால், தங்கச்சி?”