உள் அளவு

வேன்காரர் அந்த ஸ்பீக்கர் பெட்டியை என் ஷெட் வாசலில் இறக்கி வைத்த உடனேயே அது யார் கடைப் பெட்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூலைகளில் கறுப்புக் கார்ப்பெட்டை மடித்து ஒட்டியிருந்த விதம் நான் கண்டுபிடித்த விதம். பன்னிரண்டு அங்குல சப்வூஃபரின் காகிதக் கூம்பு, கோன், விளிம்பை விட்டுக் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. வேன்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற நேரம் போக, மீதி நேரத்தில் பாட்டுதான் அவருக்கு எல்லாம்.

"வாங்கி மூணு மாசம்கூட ஆகலம்மா. பாட்டுல அந்த ஆழமான அடி வர்ற எடத்துல படபடன்னு அடிச்சுக்கிச்சு. பொட்டியில காத்துப் போக வெச்சிருக்கற குழாயிலேருந்து உஸ்ஸுன்னு சத்தம் வேற. போய்க் கேட்டா, நீங்கதான் சத்தமா வைக்கிறீங்கன்னு என்னையே சொல்றாரு."

"யாரு சொல்றாரு?"

தெரிந்தேதான் கேட்டேன். சிலரைப் பற்றி அடுத்தவர் வாயால் குறை கேட்பதில் தனி சுகம் இருக்கிறது.

"அதான், மெயின் ரோட்டுல உங்க அண்ணன்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல, சொல்லுங்க சார்." அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டிருக்கலாம். அந்த வார்த்தை இப்போதெல்லாம் என் வாயில் வருவதில்லை.

டேப்பை எடுத்து வெளியே அளந்தேன். அகலம் அறுபது சென்டிமீட்டர், உயரம் முப்பத்தாறு, ஆழம் முப்பது. என் நோட்டில், பதினேழாம் பக்கத்தில், என் கையால் நான் எழுதிய எண்கள். கிழிந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக டேப்பை விட்டு உள்ளே அளந்தேன். எல்லாப் பக்கமும் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேன்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

அலமாரி செய்கிறவனுக்கு வெளி அளவுதான் அளவு. சுவரில் எவ்வளவு இடம் அடைக்கும் என்பதுதான் அவன் கவலை. எங்களுக்கு உள்ளே எவ்வளவு காற்று அடைபடுகிறது என்பதுதான் கணக்கு. நான் உள் அளவை மட்டும்தான் எழுதுவேன். பலகையின் கனத்தை அறுக்கும்போது மனசுக்குள் கூட்டிக்கொள்வேன். நோட்டில் எங்கேயும் அதைச் சொல்லி வைக்கவில்லை. எனக்கே நான் எழுதிய நோட்டில் எதற்கு விளக்கம்? அண்ணன் வைத்திருக்கும் புது ஆள் அலமாரிக் கடையிலிருந்து வந்தவன். அவன் என் எண்களை வெளி அளவாக வைத்து அறுத்திருக்கிறான். பெட்டிக்குப் பெட்டி பதினாறு லிட்டர் காற்றைக் காணோம். காற்று குறைந்தால் பெட்டியின் சுருதி மேலே ஏறிவிடும். அதற்குக் கீழே வருகிற அடிகளில் கோனைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. கயிறு அறுந்த ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிக் கிழியும். திருடினாலும் படிக்கத் தெரிந்து திருட வேண்டாமா?

எட்டு வருஷம் அந்தக் கடையில் பலகைத் தூளைத் தின்றேன். அண்ணன் முன்னால் நின்று சிரித்துப் பேசி ஆள் பிடிப்பான், ஒயர் இழுப்பான். கணக்கும் அறுப்பும் ஒட்டும் பின்னறையில் நான். யாராவது "யாருங்க இதச் செஞ்சது?" என்று கேட்டால், "எல்லாம் நம்ம கைதான்" என்பான். 'நம்ம' என்றானே என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். போன வருஷம் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். "நீ போய் அம்மா கூட இரு, கடைய நான் பாத்துக்கறேன்" என்று அவனே பஸ் ஏற்றிவிட்டான். நாற்பது நாள் கழித்து வந்தால் என் மேஜையில் அலமாரிக்காரன். நோட்டு அண்ணனின் மேஜையில், என் பெயர் எழுதிய முதல் தாள் மட்டும் இல்லாமல். "பொட்டி ஒட்டறதுக்கு யாரா இருந்தா என்ன?" என்றான். கத்தக்கூட இல்லை. டீ சொல்கிற குரலில் சொன்னான். அந்தக் குரல்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பாள் அம்மா. எனக்குப் பூமி வேண்டாம். அவன் என்னிடம் வந்து, "எனக்குத் தெரியல, நீ சொல்லு" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"சார், புது ஸ்பீக்கர் போட்டுப் புதுப் பொட்டி செஞ்சு தரேன். ஒரு வாரம் ஆகும். மாட்டினதும் ஒரு தடவை மெயின் ரோடு வரைக்கும் என்னையும் கூட்டிட்டுப் போகணும்."

வேன்காரர் விவரமானவர். ஏன் என்று கேட்கவில்லை.

பலகை அறுத்தேன். உள்ளே அறுபது, முப்பத்தாறு, முப்பது. மூட்டுகளுக்குப் பசை தடவி, திருகாணி போட்டு, உள் மூலைகளில் விரலாலேயே இன்னொரு கோடு பசை இழுத்தேன். ஒரு ஊசித் துளையில் காற்று கசிந்தாலும் பெட்டி சீட்டியடிக்கும். நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. குழாயின் வாயை இரண்டு பக்கமும் உப்புத்தாளால் வழவழவென்று உருட்டினேன், காற்று உஸ்ஸென்று உரசாமல் போய் வருவதற்காக. மற்றவர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. வெளியே தெரியாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள்?

குழாயின் நீளத்தில்தான் என் வன்மத்தை வைத்தேன்.

அண்ணன் கடை ஷட்டருக்கு ஒரு சுருதி உண்டு. முப்பத்து நான்கு ஹெர்ட்ஸ், வினாடிக்கு முப்பத்து நான்கு அதிர்வு. எட்டு வருஷம் அதற்குப் பக்கத்தில் சோதனை போட்டவள் நான். முப்பத்து மூன்றில் சும்மா இருக்கும், முப்பத்தைந்தில் முனகும், சரியாக முப்பத்து நான்கு வந்தால் ஷட்டரும் மேலே இருக்கிற தகர போர்டும் பேய் பிடித்த மாதிரி ஆடும். குழாயை வேண்டுமென்றே நீளமாக வெட்டி மாட்டி, போனிலிருந்து ஒவ்வொரு சுருதியாக ஓடவிட்டு, துளித் துளியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பெட்டி தன் சுருதிக்கு வந்ததும் கோன் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும். எல்லாவற்றையும் குழாய் வழியாகக் காற்றுதான் செய்யும். முப்பது சென்டிமீட்டரில், முப்பத்து நான்கில், கோன் நின்றது. வேன்காரரின் பாட்டுகளுக்கும் அதுதான் பொருத்தம். அவரை நான் ஏமாற்றவில்லை.

காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் வேனைப் பின்பக்கமாக நிறுத்தினோம். உள்ளே இரண்டு பேர் கிழிந்த ஸ்பீக்கர்களோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. வேனின் பின்கதவைத் திறந்து போட்டு, முன் சீட்டில் வேன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் முப்பத்து நான்கை ஓடவிட்டு, சத்தக் குமிழைத் திருப்பினேன். முதலில் தகர போர்டு முனகியது. பிறகு ஷட்டர் எடுத்துக்கொண்டது. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அவன் போட்டோ நடுங்கியது.

அண்ணன் ஓடி வந்தான். "யாருய்யா அது, கட வாசல்ல..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்தான், வாயை மூடினான். பெட்டியைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தேன், பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. பின்னால் போய்க் குனிந்து குழாயின் வாய்க்கு நேராக உள்ளங்கையை வைத்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம் இல்லை. வெறும் காற்று, போய் வந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றான். இளைத்திருந்தான். சட்டையில் பசை காய்ந்திருந்தது. இப்போது அவனே ஒட்டுகிறான் போலிருக்கிறது.

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தான். பதினேழாம் பக்கத்தைப் பிரித்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தான். அந்த இரண்டு பேரும் அவன் பின்னாலேயே வந்து நின்றார்கள். நான் கேட்ட நாலு பேர், வேன்காரரையும் கடை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த அலமாரிக்காரனையும் சேர்த்தால்.

"நீ எழுதின மாதிரிதான் அறுக்கறோம்" என்றான். "எங்க தப்புன்னு எனக்குத் தெரியல. நீ..."

இரண்டே வார்த்தை. சொன்னால் நாளைக்கே எல்லாப் பெட்டியும் சரியாகிவிடும். 'எல்லாம் நம்ம கைதான்' என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவான். என் கை குமிழின் மேல் இருந்தது. நான் திருப்பினேன்.

ஷட்டர் மறுபடியும் பிடித்துக்கொண்டது. அண்ணன் பேசிக்கொண்டேயிருந்தான். நோட்டைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான், பின்னறைப் பக்கம் கை நீட்டினான். வேன்காரர் என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார், அதுவும் கேட்கவில்லை. அண்ணனின் கண் கலங்கியிருந்தது, அல்லது அந்த அதிர்வில் எனக்கு அப்படித் தெரிந்தது. அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவன் கையில் என் கையெழுத்து இருந்த பக்கம் முப்பத்து நான்கில் படபடத்துக்கொண்டிருந்தது.