கோலக் கோட்டில் ஒரு முகம்

தன் தம்பி மருதுவின் கல்யாண ஆல்பத்தை வீரப்பன் பக்கம் பக்கமாகப் புரட்டி, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். ஆல்பம் தலைகீழாக இருந்தது. மகள் ஹேமாவதி மட்டும் அதைக் கவனித்தாள்.

வீரப்பன் காரைக்குடியில் இருபத்தைந்து வருஷம் வீடுகளுக்கு வயரிங் செய்தவர். விழித்திரை கெட்டு, மூன்று வருஷமாக எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் திட்டு. ஓரப் பார்வையில் நடமாடுவார். முகங்கள்தான் பிடிபடாது.

ஹேமாவதி வேலை பார்த்த டிசைன் கடையில், புகைப்படங்களை ஓவியமாக்கும் நியூரல் நெட்வொர்க் ஒன்று இருந்தது. ஏதாவது ஓர் ஓவியத்தைக் காட்டினால், அதன் கோட்டையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு, வேறொரு புகைப்படத்தை அதே பாணியில் வரைந்து தரும். அப்பாவுக்காக அதை முயன்று பார்த்தாள்.

முதலில் எண்ணெய் ஓவியப் பாணி. டிவியில் போட்டதும் வீரப்பன், "கொழம்பு கொட்டுன மாதிரி இருக்கு தாயி" என்றார். நீர்வண்ணமும் உதவவில்லை. மறுநாள் காலை, தெளித்த வாசலில் தான் போட்ட மாக்கோலத்தைச் செல்போனில் எடுத்து, அதையே பாணியாகக் கொடுத்தாள். கல்யாணப் படம் கறுப்புத் தரையில் தடித்த வெள்ளைக் கோடுகளாக வந்தது. கன்னங்களில் சில புள்ளிகளும் சேர்ந்துகொண்டன.

வீரப்பன் டிவியை நெருங்கி, தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் பார்த்தார்.

"இந்த மூக்கு... மருதுதானே!" சிரித்தவரின் பார்வை பக்கத்து உருவத்துக்குப் போனது. "இது யாரு?"

"அம்மாப்பா."

சிரிப்பு நின்றது. "சீதா, இம்புட்டு எளைச்சா போயிட்ட?"

"அது மிசினு போட்ட கோடுங்க. அதையெல்லாம் நம்புறீகளாக்கும்" என்றாள் சீதாலட்சுமி.

"நெசமா தாயி?"

ஹேமாவதி அசல் படத்தைத் திறந்து பார்த்தாள். புள்ளிகள் அதில் இல்லை. ஒட்டிய கன்னமும் துருத்திய கழுத்தெலும்பும் இருந்தன. தினமும் பார்த்த முகம், அவளும் கவனிக்கவில்லை.

"புள்ளி மட்டுந்தாம்ப்பா அது போட்டது" என்றாள்.

சீதாலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆறு மாசமாக அசதி, ஓயாத தாகம். கண் தெரியாத மனுசனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வீரப்பன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சர்க்கரை முந்நூற்றைம்பது.

"வீட்ல நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

வீரப்பன் வாயெடுத்து நிறுத்தினார். "தெரியலைங்க டாக்டர். நான் கேட்டதே இல்ல."

"இவுகளுக்குப் போட்டுட்டு அப்பறமாத்தேன் சாப்பிடுவேன். சில நாளு மறந்துரும்" என்றாள் சீதாலட்சுமி.

அன்று மத்தியானம் வீட்டில் அவள் சோறு போட்டதும் வீரப்பன் கை வைக்கவில்லை. "ஒனக்கும் போடு" என்றார். பக்கத்தில் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார்.